ரூட் செய்யும் முன், கஸ்டம் ரோம் போடும் முன்: போன் பேக்கப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஆண்ட்ராய்டு போனை ரூட் செய்யப் போகிறேன் (போனின் சிஸ்டம் முழுவதையும் மாற்றும் உரிமையை எடுப்பது), லீனியேஜ் ஓஎஸ் போடப் போகிறேன் (நிறுவனம் தந்த இயங்குதளமான ரோமுக்குப் பதில் வேறொன்றை, அதாவது கஸ்டம் ரோமைப் போடுவது) என்று யார் வந்தாலும் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: பேக்கப் எடுத்தாச்சா, அது எங்கே இருக்கிறது? பாதிப் பேர் "கூகுளில் இருக்கும்" என்பார்கள். அந்த "இருக்கும்" என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பயம். இத்தனை வருடத்தில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும், நான் சொல்லும் பதில்களையும் கீழே எழுதியிருக்கிறேன்.

பூட்லோடரைத் திறந்தால் டேட்டா கட்டாயம் அழியுமா?

அழியும். போனை ஆன் செய்ததும் முதலில் ஓடி, மற்ற மென்பொருளை ஏற்றுவது பூட்லோடர். தயாரித்த நிறுவனம் கையெழுத்திட்ட மென்பொருளை மட்டுமே போன் ஏற்றும்; அந்தக் காவலைத் தளர்த்துவதுதான் பூட்லோடர் அன்லாக். போனைத் திருடிய ஒருவன் பூட்லோடரைத் திறந்து, வேறு ரிகவரியை (ஆண்ட்ராய்டு எழாமலே போனைப் பழுதுபார்க்கவும் துடைக்கவும் உதவும் தனி மென்பொருள்) ஏற்றி, உங்கள் படங்களைப் பார்த்துவிடக் கூடாது. அதற்காகவே திறக்கும் அந்த நொடியில் டேட்டா பகுதி துடைக்கப்படும்படி வைத்திருக்கிறார்கள்.

பலர் தடுமாறும் இடமும் இதுவே. ரோம் போடும்போதுதான் டேட்டா போகும் என்று நினைத்து, "முதலில் அன்லாக் செய்துவிட்டு அப்புறம் பேக்கப் எடுக்கலாம்" என்று இருந்துவிடுகிறார்கள். அன்லாக் முடிந்து போன் திரும்ப எழும்போது வெறும் வரவேற்புத் திரைதான் நிற்கும்.

அமைப்புகளில் மறைந்திருக்கும் டெவலப்பர் ஆப்ஷன்ஸில் ஓஇஎம் அன்லாக்கிங் சுவிட்சைப் போடுவதால் மட்டும் பொதுவாக எதுவும் அழியாது. அது அனுமதி மட்டுமே. அப்புறம் கணினியிலிருந்து ஃபாஸ்ட்பூட் (பூட்லோடரோடு பேசும் கருவி) கட்டளை கொடுத்து, போன் திரையில் வரும் எச்சரிக்கைக்குப் பட்டனை அழுத்தி ஒப்புக்கொள்கிறீர்களே, அங்கேதான் போகிறது. பின்னாளில் பூட்லோடரைத் திரும்பப் பூட்டினாலும் இதே கதைதான், மறுபடி துடைக்கும். அதிலும் கஸ்டம் ரோம் இருக்கும்போது பூட்டினால் பல போன்கள் எழாமலே போய்விடும், ஜாக்கிரதை.

பல ஷாவ்மி போன்களில் அன்லாக் அனுமதிக்கு 168 மணி நேரம், அதாவது முழுதாக 7 நாள், காத்திருக்க வேண்டும். அந்த ஒரு வாரத்தைப் பேக்கப்புக்கு என்று ஒதுக்கிக்கொள்ளுங்கள். நிதானமாகச் செய்ய நல்ல அவகாசம்.

அழிந்த பிறகு ரெக்கவரி மென்பொருள் வைத்து மீட்டுவிட முடியாதா?

முடியாது. பழைய போன்களில், மெமரி கார்டுகளில், கேமராக்களில் அழிந்த படங்களை மீட்ட கதைகள் உண்டு, அவை உண்மையும்கூட. இன்றைய போன் அப்படி இல்லை. ஆண்ட்ராய்டு 7.0-இல் கோப்பு அளவிலான என்கிரிப்ஷன் வந்தது. ஆண்ட்ராய்டு 10-உடன் வெளிவரும் புதிய போன்களுக்கு அது கட்டாயமாகவே ஆனது. உங்கள் ஒவ்வொரு படமும் ஒரு சாவியால் பூட்டப்பட்டுத்தான் உள்ளே கிடக்கிறது. ஃபார்மேட் ஆகும்போது அந்தச் சாவி போய்விடுகிறது. சாவி இல்லாமல் மெமரி சிப்பையே கழற்றிப் படித்தாலும் கிடைப்பது அர்த்தமில்லாத பைட்டுகள்தான். "100 சதவீதம் மீட்டுத் தருவோம்" என்ற விளம்பரங்களுக்குப் பணம் கட்ட வேண்டாம்.

என் போனின் பூட்லோடர் ஏற்கெனவே திறந்திருக்கிறது. இப்போதும் பேக்கப் வேண்டுமா?

மேஜிஸ்க் என்ற ரூட் கருவியை வைத்து ரூட் மட்டும் செய்கிறீர்கள் என்றால், அது போன் எழத் தேவையான பூட் இமேஜைத்தான் மாற்றுகிறது; டேட்டாவைத் தொடுவதில்லை. ஏற்கெனவே இருக்கும் கஸ்டம் ரோமின் அடுத்த அப்டேட்டை அதன் மேலேயே போட்டாலும் பொதுவாக டேட்டா அப்படியே இருக்கும். ஆனால் நிறுவன ரோமிலிருந்து கஸ்டம் ரோமுக்கோ, ஒரு ரோமிலிருந்து வேறொன்றுக்கோ தாவினால் டேட்டாவை ஃபார்மேட் செய்தே ஆக வேண்டும். ரூட் மட்டும்தான் என்றாலும் எடுங்கள். தவறான பூட் இமேஜ் ஏறி போன் லோகோவிலேயே சுற்ற ஆரம்பித்தால், பலரும் பதற்றத்தில் முதலில் அழுத்துவது ஃபேக்டரி ரீசெட்டைத்தான்.

சரி, எங்கிருந்து தொடங்குவது?

கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு தாளும் பேனாவும் எடுங்கள். போனில் எல்லாச் செயலிகளும் இருக்கும் பட்டியலைத் திறந்து, முதல் ஐகானில் தொடங்கி ஒவ்வொன்றாகத் தொட்டு உள்ளே போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் ஒரே கேள்வி: இதை இந்த நிமிடமே நீக்கிவிட்டு மறுபடி போட்டால் எது திரும்பி வராது?

மின்னஞ்சல் செயலி என்றால் எதுவும் போகாது, அடித்துவிடலாம். குறிப்பெழுதும் செயலி என்றால் உள்நுழைந்து பயன்படுத்துகிறீர்களா, வெறுமனே போனில் எழுதி வைக்கிறீர்களா என்று பாருங்கள். ஒலிப்பதிவுச் செயலி, அழைப்புப் பதிவுகள், ஸ்கேன் செய்த ஆவணங்கள், செலவுக் கணக்கு, உடல்நலக் குறிப்புகள், விளையாட்டில் தாண்டிய நிலைகள், ஆஃப்லைன் வரைபடத்தில் குறித்த இடங்கள், கீபோர்டில் சேர்த்த சொற்கள், வைஃபை கடவுச்சொற்கள் என்று பட்டியல் நீளும். முக்கால் மணி நேரம் ஆகும். பொதுவான பேக்கப் பட்டியல்களை நம்பி இந்த வேலையைத் தவிர்க்காதீர்கள். உங்கள் போனில் என்ன இருக்கிறது என்பது உங்களுக்கு மட்டுமே தெரியும்.

நண்பர் ஒருவர் படங்கள், தொடர்புகள், வாட்ஸ்அப் எல்லாம் எடுத்து முடித்துவிட்டு என்னை அழைத்தார். "எதற்கும் ஒருமுறை வரிசையாகத் திறந்து பாருங்கள்" என்றேன். நான்காவது வரிசையில் ஒரு சாதாரண ரெக்கார்டர் செயலி. அதற்குள் அவருடைய பாட்டி சொன்ன கதைகள், 31 பதிவுகள். பாட்டி இப்போது இல்லை. அந்தக் கோப்புகள் ஆண்ட்ராய்டு ஃபோல்டருக்குள் டேட்டா என்ற துணை ஃபோல்டரில், அந்தச் செயலியின் பெயரில் இருந்தன. அது கேலரியில் தெரியாத இடம்; மியூசிக் பிளேயரிலும் தெரியாது; செயலியை நீக்கினால் கூடவே நீங்கிவிடும். ஆண்ட்ராய்டு 11-க்குப் பிறகு மற்றச் செயலிகள் அந்த ஃபோல்டரைப் பார்க்கவும் முடியாது. அவர் எடுத்த எந்த பேக்கப்பிலும் அந்த 31 பதிவுகள் இல்லை. ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, கணினியில் போட்டுக் கேட்டுப் பார்த்த பிறகுதான் அன்லாக் கட்டளையைக் கொடுத்தோம்.

படங்களையும் கோப்புகளையும் கணினிக்கு எடுக்க எது நல்ல வழி?

யுஎஸ்பி கேபிளில் இணைத்து, கோப்புப் பரிமாற்றம் தேர்ந்தெடுத்து நகலெடுப்பது எல்லோருக்கும் தெரிந்த வழி. சில நூறு கோப்புகளுக்கு அது போதும். ஆயிரக்கணக்கில் இருந்தால் நடுவில் திணறும், நின்று போகும், சில நேரம் புதிதாக உருவான கோப்புகளைக் காட்டவே காட்டாது. முக்கியமாக, கட் செய்து பேஸ்ட் செய்யாதீர்கள். நகல் மட்டும் எடுங்கள்.

எனக்குப் பிடித்தது ஏடிபி, கணினியிலிருந்து போனுக்குக் கட்டளை கொடுக்கும் கருவி. டெவலப்பர் ஆப்ஷன்ஸில் யுஎஸ்பி டீபக்கிங்கைப் போட்டுவிட்டு, கணினியில் ஏடிபி புல் கட்டளை கொடுத்தால் உள் சேமிப்பகம் முழுவதும், மறைந்திருக்கும் ஃபோல்டர்கள் உட்பட, அப்படியே வந்துவிடும். கட்டளையில் ஹைஃபன் ஏ சேர்த்துக்கொள்ளுங்கள். கோப்புகளின் பழைய தேதி மாறாமல் வரும். இல்லாவிட்டால் எல்லாப் படங்களும் இன்று எடுத்தவை போலத் தேதி காட்டி, பின்னால் வரிசைப்படுத்தும்போது கஷ்டப்படுத்தும். விண்டோஸில் ஃபோல்டருக்குள் ஃபோல்டராகப் போகும் பாதை 260 எழுத்துகளைத் தாண்டினால் சில கோப்புகள் நகலாகாமல் நின்றுவிடலாம். அதனால் நேரடியாக டிரைவின் மேல்மட்டத்திலேயே ஒரு சின்னப் பெயரில் ஃபோல்டர் வைத்து அதற்குள் எடுங்கள்.

எடுத்து முடித்ததும் எண்ணிப் பாருங்கள். போனில் கேமரா ஃபோல்டரில் எத்தனை கோப்புகள், கணினியில் எத்தனை, மொத்த அளவு எவ்வளவு? இரண்டும் ஒத்துப்போக வேண்டும். அப்புறம் பழைய படம் ஒன்று, நேற்றைய படம் ஒன்று, பெரிய வீடியோ ஒன்று திறந்து பாருங்கள். வீடியோவைக் கடைசி வரை தள்ளிப் பாருங்கள். பாதியில் நின்ற நகல் முதல் சில நொடிகள் நன்றாகவே ஓடிக் காட்டும்.

கூகுள் போட்டோஸில் இருக்கிறது என்பவர்களுக்கு: எந்தத் தரத்தில் ஏறுகிறது, எந்தெந்த ஃபோல்டர்கள் ஏறுகின்றன என்று பாருங்கள். கேமரா ஃபோல்டர் தவிர மற்றவற்றை நீங்கள்தான் தேர்வு செய்து இயக்க வேண்டும். இலவசமாக எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்ற வசதி 2021 ஜூன் 1-உடன் முடிந்தது. இடம் நிரம்பியிருந்தால் சில மாதங்களாகவே எதுவும் ஏறாமல் இருந்திருக்கலாம்.

கூகுள் கணக்கில் தானாக நடக்கும் பேக்கப் போதாதா?

துணைக்கு நல்லது. அதை மட்டும் நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்த அந்த வசதியில் ஒரு செயலிக்கு 25 எம்பி வரைதான் இடம். செயலியை எழுதியவர் வேண்டாம் என்று வைத்திருந்தால் அதுவும் இல்லை. திரும்ப எடுப்பதற்கும் நிபந்தனைகள் உண்டு. உயர்ந்த ஆண்ட்ராய்டு பதிப்பில் எடுத்த பேக்கப்பைக் கீழ்ப் பதிப்பில் இறக்க முடியாது. புதிய ரோமில் கூகுள் செயலிகளே போடாமல் இருக்கப் போகிறீர்கள் என்றால் இறக்க வழியே இல்லை. 57 நாட்கள் போனைப் பயன்படுத்தாமல் விட்டால் அந்த பேக்கப் அழிந்தும் போகலாம்.

இருந்தாலும் அன்லாக் செய்வதற்கு முன் அமைப்புகளில் கூகுள் பகுதிக்குப் போய் "இப்போது பேக்கப் எடு" என்பதை ஒருமுறை அழுத்திவிடுங்கள். செலவில்லாத வேலை.

வாட்ஸ்அப் அரட்டைகளை எப்படிக் காப்பாற்றுவது?

இரண்டு வழிகளிலும் எடுங்கள். ஒன்று கூகுள் கணக்கில் ஏறுவது. இரண்டாவது, போனிலேயே இருக்கும் உள்ளூர் நகல். வாட்ஸ்அப் தினமும் அதிகாலை 2 மணிக்கு அரட்டைகளை ஒரு கோப்பாக எழுதி வைக்கிறது. கடைசி 7 நாட்களின் கோப்புகள் வரை வைத்திருக்கும். ஆண்ட்ராய்டு, மீடியா, காம்.வாட்ஸ்அப், வாட்ஸ்அப், டேட்டாபேஸஸ் என்று ஃபோல்டர்களுக்குள் வரிசையாகப் போனால் அதைப் பார்க்கலாம். அரட்டை அமைப்பில் உடனடி பேக்கப் ஒன்று எடுத்துவிட்டு, அந்த வாட்ஸ்அப் ஃபோல்டரை முழுவதுமாகக் கணினிக்கு எடுத்துக்கொள்ளுங்கள். படங்கள், குரல் செய்திகள் எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன.

திரும்பப் போடும்போது வரிசை முக்கியம். புதிய ரோமில் முதலில் அந்த ஃபோல்டரை அதே இடத்தில் வைக்க வேண்டும். அப்புறம்தான் வாட்ஸ்அப்பைத் திறந்து அதே எண்ணைச் சரிபார்க்க வேண்டும். பேக்கப் கிடைத்தது, மீட்கட்டுமா என்று அது கேட்கும். அந்தத் திரையைத் தவறுதலாகத் தாண்டிவிட்டால், செயலியை நீக்கி மறுபடி போட்டு, மறுபடி எண்ணைச் சரிபார்க்க வேண்டும்.

முழு என்கிரிப்ஷன் உள்ள பேக்கப்பை நீங்கள் எப்போதாவது இயக்கியிருந்தால் அதற்கென்று ஒரு கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ இருக்கும். அது தெரியாமல் அந்த பேக்கப் திறக்காது, வாட்ஸ்அப் நிறுவனத்தாலும் திறந்து தர முடியாது. நினைவில் இல்லை என்றால், போன் கையில் நன்றாக இருக்கும்போதே அமைப்பில் போய் அதை மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

சிக்னல், டெலிகிராம்?

சிக்னலில் உள்ளூர் பேக்கப்பை இயக்கினால் 30 இலக்கங்கள் கொண்ட ஒரு கடவு வரிசை திரையில் வரும். தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பேக்கப் கோப்பைக் கணினிக்கு எடுங்கள். போனிலேயே விட்டால் போனோடு போகும். மீட்பது புதிதாக நிறுவும்போது மட்டுமே, எண்ணைப் பதிவு செய்வதற்கு முன். டெலிகிராமின் சாதாரண அரட்டைகள் அதன் சர்வரில் இருப்பதால் கவலையில்லை. ரகசிய அரட்டைகள் அந்த போனுக்கு மட்டுமே உரியவை; அவை போய்விடும்.

ஓடிபி எண் காட்டும் ஆத்தென்டிகேட்டர் செயலி இருக்கிறது. அதற்கு என்ன செய்ய வேண்டும்?

அவசியம் ஏதாவது செய்ய வேண்டும். படங்கள் போனால் மனம் வலிக்கும். இது போனால் உங்கள் கணக்குகளுக்குள்ளேயே நுழைய முடியாமல் வெளியே நிற்பீர்கள்.

அந்த ஆறு இலக்க எண்கள் ஒரு ரகசியச் சாவியிலிருந்தும் அப்போதைய நேரத்திலிருந்தும் கணக்கிடப்படுபவை. சாவி போனுக்குள் இருக்கிறது. கூகுள் ஆத்தென்டிகேட்டரில் 2023 ஏப்ரல் முதல் கணக்கோடு ஒத்திசைக்கும் வசதி இருக்கிறது. உங்களுடையதில் அது இயங்குகிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஏற்றுமதி செய்து க்யூஆர் குறியீட்டை வேறொரு போனில் ஸ்கேன் செய்துகொள்ளலாம். ஏஜிஸ் போன்ற செயலிகள் கடவுச்சொல் போட்ட கோப்பாகவே ஏற்றுமதி செய்து தரும். நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன். மாற்றிய பிறகு இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரே கணக்குக்கு ஒரே எண் ஒரே நேரத்தில் வந்தால் சரி.

இன்னொரு சிக்கலும் இதில் உண்டு. புதிய ரோம் போட்டதும் முதல் வேலை கூகுள் கணக்கில் நுழைவது. கூகுள் "உங்கள் போனில் வரும் அறிவிப்பைத் தொடுங்கள்" என்று கேட்கும். அந்த போனைத்தான் துடைத்துவிட்டோமே! அதனால் முன்கூட்டியே கூகுள் கணக்கின் பாதுகாப்புப் பக்கத்தில் பேக்கப் குறியீடுகளை எடுத்து அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தொகுப்பில் 10 குறியீடுகள் வரும், ஒவ்வொன்றும் ஒருமுறைதான் செல்லும். கடவுச்சொல் மேலாளர் செயலியின் முதன்மைக் கடவுச்சொல்லையும் கைரேகை இல்லாமல் ஒருமுறை தட்டச்சு செய்து பாருங்கள். வருடக்கணக்கில் விரல் வைத்தே திறந்தவர்களுக்கு அது மறந்திருக்கும்.

தொடர்புகள், எஸ்எம்எஸ், அழைப்புப் பட்டியல்?

தொடர்புகள் செயலியில் எது கூகுள் கணக்கில் சேமித்தது, எது போனில் மட்டும் சேமித்தது என்று பிரித்துப் பாருங்கள். எப்படி இருந்தாலும் எல்லாவற்றையும் ஒரு விசிஎஃப் கோப்பாக ஏற்றுமதி செய்துவிடுங்கள், அரை நிமிட வேலை. எஸ்எம்எஸ்ஸுக்கும் அழைப்புப் பட்டியலுக்கும் எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் என்ற செயலி போதும். எக்ஸ்எம்எல் கோப்பாகத் தரும், ரூட் தேவையில்லை.

மெமரி கார்டில் இருப்பது பத்திரம்தானே?

கார்டை எப்படிப் போட்டீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரணமாக, கழற்றிக் கணினியில் படிக்கிற மாதிரி போட்டிருந்தால் பத்திரம். துடைக்கும் முன் கழற்றி வைத்துவிடுங்கள். ஆனால் ஆண்ட்ராய்டு 6.0-இல் வந்த ஒரு வசதியில் கார்டையே உள் சேமிப்பகமாக மாற்றிக்கொள்ளலாம். அப்படி மாற்றிய கார்டு என்கிரிப்ட் ஆகியிருக்கும், அதன் சாவி போனின் டேட்டா பகுதியில் இருக்கும். போனைத் துடைத்தால் சாவி போய், கார்டு கையில் இருந்தும் ஒரு படமும் திறக்காது. "கார்டில் இருக்கிறது, பயமில்லை" என்று இருந்துவிட்டு மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

ஏடிபி பேக்கப் என்ற கட்டளையால் எல்லாச் செயலிகளின் டேட்டாவையும் எடுக்கலாமே?

பழைய வழிகாட்டிகளில் அப்படி இருக்கும். ஆண்ட்ராய்டு 4.0 காலத்துக் கட்டளை அது, இப்போது கைவிடப்பட்ட நிலையில் இருக்கிறது. ஆண்ட்ராய்டு 12-ஐக் குறிவைத்து எழுதிய செயலிகளின் டேட்டாவை அது எடுப்பதே இல்லை. கட்டளை ஓடும், ஒரு கோப்பும் கிடைக்கும், உள்ளே பார்த்தால் முக்கியமானது எதுவும் இருக்காது. ஏடிபி புல் வேறு, இது வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

அப்படியானால் செயலிகளின் உள் டேட்டாவை அப்படியே எடுக்க வழியே இல்லையா?

ஸ்விஃப்ட் பேக்கப், நியோ பேக்கப் போன்றவை அதைச் செய்யும். ஆனால் அதற்கு ரூட் வேண்டும். ரூட் செய்ய பூட்லோடரைத் திறக்க வேண்டும். திறந்தால் எடுக்க நினைத்த டேட்டாவே போய்விடும். கோழியா முட்டையா என்பது போலத்தான். ஆகவே முதல் முறை அன்லாக் செய்பவர்கள் ஒவ்வொரு செயலியும் தரும் ஏற்றுமதி வசதியைத்தான் நம்ப வேண்டும். அன்லாக் ஆன பிறகு, இரண்டாவது ரோமுக்குப் போகும்போது இந்தச் செயலிகள் பெரிய உதவி.

டிடபிள்யூஆர்பி என்ற கஸ்டம் ரிகவரியில் நாண்ட்ராய்டு பேக்கப் (போனின் பார்ட்டிஷன்களை, அதாவது சேமிப்பகப் பகுதிகளை, அப்படியே நகலெடுப்பது) எடுத்தால் போதாதா?

இதில் நானே ஒருமுறை இழந்திருக்கிறேன். ரோம் மாற்றும் முன் ரிகவரியில் போய் சிஸ்டம், டேட்டா, பூட் எல்லாம் தேர்ந்தெடுத்து முழு பேக்கப் எடுத்தேன். வெற்றி என்று பச்சை எழுத்தில் வந்தது. அப்புறம் புதிய ரோமுக்காக ஃபார்மேட் டேட்டா அழுத்தி, உறுதி செய்யச் சொன்ன இடத்தில் சொல்லைத் தட்டச்சு செய்தேன். பேக்கப் இருந்த இடம் அதே உள் சேமிப்பகம். பேக்கப்பும் சேர்ந்து போனது. அது மட்டுமில்லை, டேட்டா பேக்கப் என்று பெயர் இருந்தாலும் டிடபிள்யூஆர்பி உள் சேமிப்பகத்தில் உள்ள படங்களையும் வீடியோக்களையும் அதில் சேர்ப்பதில்லை என்பதும் அன்றுதான் எனக்குத் தெரிந்தது. இரண்டு வருடப் படங்கள். நண்பர்களிடம் கேட்டு வாங்கியவை போக மீதி திரும்பவில்லை.

எனவே நாண்ட்ராய்டு எடுத்தால் உடனே கணினிக்கு நகர்த்துங்கள், படங்களைத் தனியாக எடுங்கள். அந்த பேக்கப் அதே ரோமுக்குத் திரும்பத்தான் உதவும். வேறு ரோமில் கொண்டு போய் இறக்கினால் போன் எழாது. புதிய போன்கள் பலவற்றுக்கு டிடபிள்யூஆர்பி வருவதே இல்லை, வந்தாலும் என்கிரிப்ட் ஆன டேட்டாவை அதனால் திறக்க முடியாமல் போகலாம்.

ஈஎஃப்எஸ், பெர்சிஸ்ட் என்கிறார்களே, அவை என்ன?

உங்கள் டேட்டா இல்லை, போனின் சொந்த அடையாளம். ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உரிய தனி எண்) ரேடியோ அளவீடுகளும் இருக்கும் பகுதியைப் பொதுவாக ஈஎஃப்எஸ் என்பார்கள். குவால்காம் சிப் உள்ள போன்களில் மோடம்எஸ்டி1, மோடம்எஸ்டி2, எஃப்எஸ்ஜி என்ற பார்ட்டிஷன்கள். மீடியாடெக்கில் என்விரேம், என்விடேட்டா. பெர்சிஸ்ட் பகுதியில் சென்சார் அளவீடுகள், பல போன்களில் வைஃபை முகவரி போன்றவை இருக்கும். தவறான கோப்பைப் பிளாஷ் செய்தோ (போனின் சேமிப்பகத்தில் நேரடியாக எழுதுவது), வேறு போனின் பெர்சிஸ்டைக் கொண்டுவந்து போட்டோ இவை கெட்டால், போன் நன்றாக எழும், ஆனால் சிம் சிக்னல் வராது. ஐஎம்இஐ இடத்தில் சுழியம் காட்டும். கைரேகை வேலை செய்யாது.

இவற்றைப் படிக்க ரூட்டோ கஸ்டம் ரிகவரியோ வேண்டும். அதனால் இந்த ஒரு பேக்கப் மட்டும் அன்லாக்குக்குப் பிறகு, ரோம் போடுவதற்கு முன், அந்த இடைவெளியில். டிடபிள்யூஆர்பி இருந்தால் பேக்கப் பட்டியலில் ஈஎஃப்எஸ் என்ற கட்டத்தை டிக் செய்யுங்கள். இல்லையென்றால் ரூட் ஷெல்லில் (ரூட் உரிமையுள்ள கட்டளைத் திரை) டிடி என்ற நகல் கட்டளையால் ஒவ்வொரு பார்ட்டிஷனையும் கோப்பாக எழுதலாம். எடுத்ததும் அளவு சுழியமாக இல்லையே என்று பார்த்துவிட்டுக் கணினிக்குக் கொண்டுபோங்கள். இது அந்த ஒரு போனுக்கு மட்டுமே. பிறரிடம் கொடுக்காதீர்கள், பிறருடையதை வாங்கிப் போடாதீர்கள். அன்லாக் செய்வதற்கு முன்பே ஸ்டார், ஹாஷ், 06, ஹாஷ் அழுத்தி வரும் ஐஎம்இஐ எண்ணையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பேக்கப் எடுத்தாலும் திரும்ப வராதவை இருக்கின்றனவா?

இருக்கின்றன, முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. சாம்சங் போன்களில் நாக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்புக்கு சிப்பில் ஒரு மின்-உருகி இருக்கிறது. அங்கீகாரம் இல்லாத மென்பொருளை ஏற்றினால் அது எரிந்துவிடும். நிறுவன ரோமுக்கே திரும்பினாலும் மாறாது. அதன் பிறகு செக்யூர் ஃபோல்டர் அந்த போனில் வேலை செய்யாது. அதற்குள் வைத்திருப்பதையெல்லாம் முன்பே வெளியே எடுங்கள். சோனி எக்ஸ்பீரியாவின் பழைய மாடல்களில் அன்லாக் செய்தால் டிஆர்எம் (பதிப்புரிமைப் பாதுகாப்பு) சாவிகள் அழிந்து, கேமராவின் படத்தரமே குறைந்தது. அன்லாக் செய்யும் முன் தற்காலிக ரூட் பிடித்து அந்தச் சாவிகள் இருக்கும் டிஏ என்ற பார்ட்டிஷனை மக்கள் பேக்கப் எடுத்ததற்கு அதுதான் காரணம்.

வங்கிச் செயலிகள் வேறு வகை. அவை தங்கள் சாவியை போனின் பாதுகாப்பு வன்பொருளுக்குள் வைக்கின்றன. அங்கிருந்து எதையும் நகலெடுக்க முடியாது. புதிதாகப் பதிவு செய்துதான் ஆக வேண்டும். பூட்லோடர் திறந்திருப்பதை கூகுளின் பிளே இன்டெக்ரிட்டி என்ற பாதுகாப்புச் சோதனை கண்டுபிடித்தால் சில செயலிகள் இயங்கவே மறுக்கும். அந்த ஒரு செயலிதான் உங்கள் அன்றாடப் பிழைப்பு என்றால், இருக்கும் ஒரே போனில் இந்த வேலையைச் செய்ய வேண்டாம் என்றே சொல்வேன்.

நிறுவனத்தின் ரோமையும் எடுத்து வைக்க வேண்டுமா?

கட்டாயம், அதுவும் போன் உயிரோடு இருக்கும்போதே. அமைப்புகளில் பில்டு எண்ணை எழுதிக்கொண்டு, அதே எண்ணுள்ள ஃபர்ம்வேரை (நிறுவனத்தின் ரோம் கோப்பு) இறக்கி வையுங்கள். மேஜிஸ்க்கில் பேட்ச் செய்ய வேண்டிய பூட் இமேஜும் அதிலிருந்துதான் வர வேண்டும். ஆண்ட்ராய்டு 13-உடன் வெளிவந்த போன்களில் அது இனிட் பூட் என்ற பெயரில் இருக்கும். திருத்தாத மூல இமேஜைத் தனியாக வைத்திருங்கள். போன் லோகோவில் சுற்றினால் அதைத் திரும்பப் பிளாஷ் செய்தாலே பெரும்பாலும் எழுந்துவிடும். பழைய பதிப்புக்கு இறங்குவதைத் தடுக்கும் ஏற்பாடு பல போன்களில் இருக்கிறது. கையில் உள்ளதைவிடப் பழைய ஃபர்ம்வேரைப் போட்டு போனைக் கல்லாக்கியவர்கள் உண்டு. சாம்சங்கில் ஓடின் என்ற கணினி மென்பொருள் வழியாகப் போடுபவர்களுக்கு ஒன்று: ஃபர்ம்வேரில் உள்ள சிஎஸ்சி கோப்பு டேட்டாவைத் துடைக்கும், ஹோம் சிஎஸ்சி துடைக்காது.

புதிய ரோமில் எல்லாவற்றையும் ஒரேயடியாக இறக்கிவிடலாமா?

வேண்டாம். முதலில் வெறும் ரோமோடு ஒரு நாள் ஓட்டுங்கள்: அழைப்பு, வைஃபை, கேமரா, சார்ஜ். அப்புறம் தொடர்புகள், எஸ்எம்எஸ், அரட்டைகள், கடைசியாகப் படங்கள். ரூட் பேக்கப் செயலியில் இறக்கினால் நீங்கள் நிறுவிய செயலிகளை மட்டும் தேர்ந்தெடுங்கள். பழைய ரோமின் சிஸ்டம் செயலிகளின் டேட்டாவைப் புதிய ரோமில் இறக்கினால் செயலிகள் நின்று நின்று போகும், காரணம் தேடியே இரண்டு நாள் போகும். லீனியேஜ் ஓஎஸ்ஸில் சீட்வால்ட் என்ற பேக்கப் வசதி உள்ளேயே இருக்கிறது. இயக்கும்போது அது தரும் 12 சொற்களை எழுதி வைத்துக்கொண்டால் அடுத்த முறை வேலை பாதியாகும்.

கணினியில் எடுத்து வைத்ததை எப்போது அழிக்கலாம்?

நான் 3 மாதம் வைத்திருப்பேன். புதிய ரோமில் எல்லாம் வந்துவிட்டது என்று தோன்றினாலும், ஐந்தாவது வாரத்தில்தான் யாராவது ஒரு பழைய ரசீதையோ குரல் செய்தியையோ கேட்பார்கள். அதுவரை கணினியில் ஒரு நகல், தனி ஹார்ட் டிஸ்கில் ஒரு நகல். அதில் உங்கள் அரட்டைகளும் ஆவணங்களும் திறந்தபடி கிடப்பதால், டிஸ்கைக் கடவுச்சொல் போட்டு என்கிரிப்ட் செய்துவிடுங்கள். அந்தக் கடவுச்சொல்லையும், 30 இலக்க வரிசையையும், 64 இலக்கச் சாவியையும், கூகுள் குறியீடுகளையும் எழுதிய தாளை டிஸ்கோடு சேர்த்து வைக்காமல் வேறு இடத்தில் வையுங்கள். ஈஎஃப்எஸ் கோப்புகளை மட்டும் 3 மாதம் கழித்தும் அழிக்காதீர்கள். அந்த போன் உங்களிடம் இருக்கும் வரை அவையும் இருக்கட்டும்.